பிரபலங்கள் பேசும் வாய்ப்புற்றுநோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய்ப் பரிசோதனை முகாம்களில் பதிவு மேசையில் உட்காருகிறவர்களுக்குப் பழக்கமான ஒன்று உண்டு. யாராவது ஒரு நடிகருக்கோ விளையாட்டு வீரருக்கோ புற்றுநோய் என்று செய்தி வந்த வாரத்தில் கூட்டம் கூடும். வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் வாயை விட்டுவிட்டு அந்தப் பிரபலத்தைப் பற்றியே கேட்பார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட தோரணையிலேயே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. இங்கே உள்ள பதில்கள் உங்களை மருத்துவரின் நாற்காலி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டுமே.

வாய்ப்புற்றுநோய் என்றால் சரியாக எந்த இடம்? தொண்டையும் அதில் சேர்த்தியா?

உதடு, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் முன்பகுதி, நாக்குக்கு அடியில் இருக்கும் தரை, அண்ணத்தின் கெட்டியான முன்பாகம் ஆகியவை வாய். தொண்டையை ஒட்டிய நாக்கின் அடிப்பகுதி, டான்சில், மென்மையான பின் அண்ணம் ஆகியவை தொண்டையின் மேற்பகுதியைச் சேர்ந்தவை. செய்திகளில் இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள். மருத்துவத்தில் இரண்டும் காரணத்திலும் போக்கிலும் வேறுபடுகின்றன.

இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெயர் பெற்ற பல பிரபலங்களுக்கு வந்தது இரண்டாவது வகை. நடிகர்கள் மைக்கேல் டக்ளஸ், ஸ்டான்லி டூச்சி இருவருக்கும் கட்டி இருந்த இடம் நாக்கின் அடிப்பகுதி. கண்ணாடியில் பார்த்தால் தெரியாத இடம். உலகில் பெரும்பாலோரைத் தாக்குவதோ கண்ணுக்குத் தெரியும் வாய்ப்பகுதிப் புற்றுநோய்தான். உதடு, வாய்ப் புற்றுநோய் மட்டும் 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 லட்சத்து 89 ஆயிரம் பேருக்குப் புதிதாக வந்தது. அந்த ஆண்டு அதனால் இறந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 88 ஆயிரம் பேர்.

மருத்துவர்கள் சொல்வதைத்தானே நடிகர்களும் சொல்கிறார்கள்? அவர்கள் சொல்வதால் என்ன புதிதாக நடந்துவிடும்?

கூட்டம் வரும். இது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். பாடகி கைலி மினோகுக்கு மார்பகப் புற்றுநோய் என்று 2005-இல் செய்தி வந்தபோது, ஆஸ்திரேலியாவில் மார்பகப் பரிசோதனைக்கான முன்பதிவு 40 சதவீதம் கூடியது. பிரிட்டனின் தொலைக்காட்சிப் பிரபலம் ஜேட் கூடி கருப்பைவாய்ப் புற்றுநோயால் 2009-இல் இறந்தார். அவருடைய நோய்ச் செய்தி ஓடிய மாதங்களில், இங்கிலாந்தில் வழக்கத்தைவிட 4 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். எந்தச் சுவரொட்டியும் செய்யாத வேலை.

ஆனால் அந்த அலை சில மாதங்களில் வடிந்துவிடும். வருகிறவர்களில் ஆபத்து குறைந்தவர்களும் நிறைய இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் முகாமுக்கு வர வேண்டியவர் வீட்டிலேயே இருப்பதையும், வரத் தேவையில்லாதவர் வரிசையில் நிற்பதையும் பார்க்கிறோம்.

எந்த அறிகுறி வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்?

மூன்று வாரக் கணக்கை மனத்தில் வையுங்கள். வாயில் ஒரு புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, தடிப்பு அல்லது கட்டி மூன்று வாரம் கடந்தும் ஆறவில்லை என்றால் போய்விட வேண்டும். சாதாரண வாய்ப்புண் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். கன்னத்தைக் கடித்துக்கொண்டதால் வந்ததும் அப்படியே. சிவப்புத் திட்டு வெள்ளையைவிட அரிது. ஆனால் அதைத்தான் மருத்துவர்கள் அதிகக் கவலையோடு பார்க்கிறார்கள்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு: காரணமில்லாமல் ஆடும் பல், உதட்டிலோ நாக்கிலோ மரத்துப்போன உணர்வு, விழுங்கும்போது ஒரே பக்கத்தில் வலி, ஒரு காதில் மட்டும் நீடிக்கும் வலி, குரல் கரகரப்பு, கழுத்தில் நெறிகட்டியது போன்ற வீக்கம். வாயை முன்புபோல் அகலத் திறக்க முடியவில்லை என்றால் அது தனிக் கவனத்துக்குரியது. பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வாயின் உட்தோல் நார்போல் இறுகும் நிலை வருவதுண்டு. அது புற்றுநோயாக மாறக்கூடிய முன்நிலை.

புண்ணில் வலியே இல்லை. வலிக்காததற்கு எதற்கு அவசரம்?

வலிக்காததால்தான் அவசரம். ஆரம்பநிலை வாய்ப்புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது. எரிச்சலும் வலியும் கொடுத்துப் பாடாய்ப் படுத்தும் சிறு புண் பெரும்பாலும் தானே ஆறிப்போகிற ரகம். வலியை அளவுகோலாக வைத்தால் தப்பான புண்ணுக்குப் பயந்து, பயப்பட வேண்டிய புண்ணை விட்டுவிடுவோம்.

கண்ணாடி முன் நானே பார்த்துக்கொள்ளலாமா?

பார்க்கலாம். மாதம் ஒருமுறை போதும். போலிப்பல் இருந்தால் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் நில்லுங்கள். உதட்டை மேலும் கீழும் மடக்கி உட்புறத்தைப் பாருங்கள். கன்னத்தை விரலால் இழுத்து இரு பக்கமும் பாருங்கள். நாக்கின் நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து ஒருபுறம் இழுத்து அதன் ஓரத்தைப் பாருங்கள், பிறகு மறுபுறம். நாக்கைத் தூக்கி அடித்தரையைப் பாருங்கள். நாக்கின் ஓரமும் அடித்தரையும் அதிகம் பாதிக்கப்படும் இடங்கள். பலர் பார்க்காமல் விடுவதும் இவற்றைத்தான். கடைசியாகக் கழுத்தின் இரு பக்கமும், தாடைக்குக் கீழும் விரல்களால் தடவிப் பாருங்கள்.

சுயபரிசோதனை மட்டுமே இறப்பைக் குறைக்கும் என்று காட்டும் வலுவான ஆதாரம் இல்லை. எனினும் உங்கள் வாய் வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மாற்றம் வரும்போது கண்ணில் படும். எதுவும் தெரியவில்லை என்பதை மருத்துவரைத் தவிர்க்கும் சாக்காக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். முதல் பதிலில் சொன்ன தொண்டைப்பகுதி உங்கள் கண்ணாடிக்கு எட்டாது.

மைக்கேல் டக்ளஸுக்கு நான்காம் நிலை என்றார்கள். அதன்பிறகும் பல ஆண்டுகள் நடித்தாரே! தாமதமானால் என்ன ஆகிவிடும்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். 2010-இல் தமக்குத் தொண்டைப் புற்றுநோய் என்று அறிவித்த டக்ளஸ், கீமோதெரபியும் கதிர்வீச்சும் பெற்றுக் குணமடைந்தார். கேட்பவர் மனத்தில் தங்குவது, நோய் மிக முற்றிய கட்டத்தைக் குறிக்கும் 'நான்காம் நிலை' என்ற சொல்லும் அவருடைய சிரித்த முகமும்தான்.

2013-இல் அவர் அளித்த பேட்டியில், பாலுறவு வழியே பரவும் ஹெச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸைக் காரணமாகச் சொன்னார். அந்த வைரஸால் தொண்டையில் வரும் புற்றுநோய், புகையிலையால் வாயில் வருவதைவிடச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். வித்தியாசம் எவ்வளவு பெரியதென்றால், 2018 முதல் நடைமுறைக்கு வந்த வகைப்பாட்டில் இவ்வகைக்குத் தனி நிலைக் கணக்கே வகுத்துவிட்டார்கள். கழுத்து நிணநீர்க் கணுவுக்குப் பரவியதால் முன்பு நான்காம் நிலை என்று எழுதப்பட்ட கட்டிகள் பல, புதிய கணக்கில் முதல் நிலையிலோ இரண்டாம் நிலையிலோ வருகின்றன. கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ புகையிலையால் வந்த நான்காம் நிலைக்கு அந்தச் சலுகை கிடையாது.

அமெரிக்கப் பதிவேடுகளின்படி, வாய், தொண்டைப் புற்றுநோய் தோன்றிய இடத்தோடு நிற்கும்போதே கண்டறியப்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். தொலைவான உறுப்புகளுக்குப் பரவிய பிறகு கண்டறியப்பட்டால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உயிர் தப்பினாலும் எவ்வளவு நாக்கு மிஞ்சும், தாடை மிஞ்சுமா, உணவு வாய்வழியே இறங்குமா என்பவற்றையும் கண்டறிந்த நேரம்தான் பெருமளவு முடிவு செய்கிறது.

அவ்வளவு பணம் இருந்தும் டக்ளஸுக்கே முதலில் கண்டுபிடிக்கவில்லையாமே? சாதாரண ஆளான எனக்கு எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

உண்மைதான். மாதக்கணக்கில் வலியோடு மருத்துவர்களிடம் போனதாகவும், தொற்று என்று மாத்திரை கொடுத்து அனுப்பியதாகவும் டக்ளஸ் சொல்லியிருக்கிறார். டூச்சியும் தாடை வலியோடு அலைந்த பிறகே கட்டியைக் கண்டுபிடித்தார்கள். இதை அவர்கள் வெளியே சொன்னது பெரிய உதவி. 'மாத்திரை சாப்பிட்டும் தீரவில்லை என்றால் மறுபடி போ' என்ற பாடத்தை எந்த விழிப்புணர்வு வாசகமும் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

மருத்துவரிடம் 'வாயில் புண்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். 'இந்த இடத்தில், இந்தத் தேதியிலிருந்து, இந்த மருந்துக்கும் ஆறவில்லை' என்று சொல்லுங்கள். இரண்டாவது முறையும் மருந்துச் சீட்டோடு அனுப்பினால் 'திசுப் பரிசோதனை தேவையா?' என்று நீங்களே கேளுங்கள். தொண்டை, காது சம்பந்தப்பட்ட அறிகுறி என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர், வாய்க்குள் என்றால் பல் மருத்துவர் அல்லது முகத்தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர்.

நான் புகையிலையைத் தொட்டதே இல்லை. எனக்கு இது தேவையில்லைதானே?

ஆபத்து குறைவு. ஆனால் இல்லாமல் போவதில்லை. புகையிலை, மது, பாக்கு ஆகியவை முதன்மைக் காரணங்கள். புகையிலையும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறும். உதட்டுக்கு வெயில் ஒரு காரணம். தொண்டைப்பகுதிக்கு ஹெச்.பி.வி. இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பையும் அதன் பயன்களில் ஒன்றாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் சேர்த்தது.

இந்த எதிலும் அடங்காத வகைகளும் உண்டு. இயக்குநர் புரூஸ் பால்ட்ரோ வாய்ப்புற்றுநோயோடு போராடி 2002-இல் இறந்தார். அவருடைய மனைவி, நடிகை பிளைத் டேனர், அதன்பின் பல ஆண்டுகள் வாய்ப்புற்றுநோய் விழிப்புணர்வுக்காகக் குரல் கொடுத்தார். அவருக்கே 2018-இல் வாயில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. உமிழ்நீர்ச் சுரப்பித் திசுக்களில் தோன்றும் அபூர்வ வகை அது. கழுத்தில் தட்டுப்பட்ட ஒரு கட்டியை அவர் அலட்சியம் செய்யவில்லை. சிகிச்சை பெற்று மீண்டார்.

தமக்கு எதனால் வந்தது என்று பிரபலங்களே சொல்கிறார்களே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

அனுபவத்தை நம்புங்கள், காரண விளக்கத்தைச் சரிபாருங்கள். கிதார் கலைஞர் எட்டி வான் ஹேலனுக்கு 2000-இல் நாக்கில் புற்றுநோய் வந்தது. உலோக மீட்டுத்தகட்டை வாயில் வைத்திருந்த பழக்கமே காரணம் என்று அவர் நம்பினார். அவர் புகைப்பவரும்கூட. தகட்டுக் கதைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை, புகைக்கு மலைமலையாக இருக்கிறது. ஆனால் ரசிகர்களுக்கு நினைவிருப்பது தகடு.

பேஸ்பால் வீரர் டோனி குவின் கதை இன்னும் சிக்கலானது. மெல்லும் புகையிலையே தம் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்குக் காரணம் என்று அவர் சொன்னார். 2014-இல் 54 வயதில் இறந்தார். அந்தச் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்கும் மெல்லும் புகையிலைக்கும் உள்ள தொடர்பு, வாய்ப்புற்றுநோய்க்கு இருப்பதுபோல் உறுதியாக நிறுவப்படவில்லை. எனினும் அவருடைய மரணமும், அதே ஆண்டில் தமக்கு வாய்ப்புற்றுநோய் என்று அறிவித்த முன்னாள் பேஸ்பால் வீரர் கர்ட் ஷில்லிங்கின் பேச்சும் விதிகளையே மாற்ற உதவின. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2015-இல் விளையாட்டு மைதானங்களில் மெல்லும் புகையிலையைத் தடைசெய்தது. அமெரிக்கப் பேஸ்பால் முதன்மை லீக்கில் 2017 முதல் புதிதாகச் சேரும் வீரர்களுக்கும் தடை வந்தது. ஒரு தனிநபரின் காரண விளக்கம் சற்றுத் தளர்வாக இருந்தாலும் விளைந்தது நல்ல விதி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் மருத்துவ உண்மையாகவும் சொல்ல மாட்டேன்.

திசுப் பரிசோதனை செய்தால், கத்தி பட்டுப் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. சந்தேகப்படும் இடத்தை மரத்துப்போகச் செய்து, சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்றுநோயா என்பதை உறுதிசெய்ய இதைவிட்டால் வழியில்லை. நீல ஒளி விளக்கு, சாயம் பூசுதல் எல்லாம் எந்த இடத்தைக் கவனிப்பது என்று காட்ட உதவும், தீர்ப்புச் சொல்லாது. இந்தப் பயத்தால் மாதங்கள் தள்ளிப்போடும்போதுதான் நோய் உண்மையிலேயே பரவுகிறது.

அப்படியானால் எல்லோரும் ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? விளம்பரங்களில் அப்படித்தானே சொல்கிறார்கள்?

விளம்பரம் சொல்வதற்கும் ஆதாரம் சொல்வதற்கும் இங்கே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. இத்துறையின் மிகப் பெரிய ஆய்வு கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கியது. 35 வயதுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட 1 லட்சத்து 90 ஆயிரம் பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. பழக்கம் இல்லாதவர்களிடம் அப்படியொரு பலன் தெரியவில்லை. அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் நிபுணர் குழுவும் 2013-இல், அறிகுறி இல்லாத எல்லோருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதவில்லை என்றது.

ஆகவே பழக்கம் உள்ளவரா, முறையாகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இல்லாதவரா, பல்லுக்காகப் போகும்போது வாயையும் முழுதாகப் பார்க்கச் சொன்னால் போதும். அறிகுறி இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மேலே சொன்ன மூன்று வாரக் கணக்குதான்.

பான் மசாலா விளம்பரத்தில் சிரித்தவர்களே விழிப்புணர்வும் பேசினால் எப்படி நம்புவது?

நியாயமான கோபம். ஹாலிவுட் நடிகர் பியர்ஸ் பிராஸ்னன் 2016-இல் ஓர் இந்தியப் பான் மசாலா விளம்பரத்தில் தோன்றி, எதிர்ப்பு கிளம்பியதும் தம்மிடம் பொருளைப் பற்றி உண்மை சொல்லவில்லை என்று கூறி வருத்தம் தெரிவித்தார். அமிதாப் பச்சன் 2021-இல் அப்படியொரு ஒப்பந்தத்திலிருந்து விலகிப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். விலகியதை வரவேற்கலாம். ஆனால் கையெழுத்திடும் முன் உறையின் பின்புறத்தைப் படித்திருக்கலாமே என்று கேட்பதில் தவறில்லை.

'புகையிலை இல்லாதது' என்ற வாசகம் யாரையும் ஏமாற்ற வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது.

நோயை மறைக்கும் பிரபலங்கள் தவறு செய்கிறார்களா?

சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அமெரிக்க அதிபர் குரோவர் கிளீவ்லாண்டின் அண்ணத்தில் இருந்த கட்டியை 1893-இல் ஓர் உல்லாசப் படகில் வைத்து ரகசியமாக அகற்றினார்கள். நாட்டுக்குப் பல் வலி என்று சொன்னார்கள். உண்மையை எழுதிய செய்தியாளர் பொய்யராக்கப்பட்டார். அறுவைக் குழுவில் இருந்த மருத்துவரே 1917-இல் எழுதிய பிறகுதான் விஷயம் உறுதியானது. அதற்குள் அந்தச் செய்தியாளர் வாழ்வில் பாதி போய்விட்டது.

டக்ளஸும் முதலில் 'தொண்டை' என்றுதான் சொன்னார். நாக்கு என்று சொன்னால் முகமும் பேச்சும் சிதைந்துவிடுமோ என்று படத்துறை பயப்படும் என மருத்துவர் ஆலோசனை சொன்னதாக 2013-இல் விளக்கினார். ஒரு நட்சத்திரத்துக்கே அந்தப் பயம் என்றால், வாயைத் திறக்கக் கூச்சப்படும் மற்றவர்களைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

எங்கள் அமைப்பின் நிகழ்ச்சிக்கு ஒரு பிரபலத்தை அழைக்கிறோம். அவரை என்ன பேசச் சொல்லலாம்?

'விழிப்புணர்வு முக்கியம்' என்று மட்டும் பேசவிடாதீர்கள், அது யாரையும் நாற்காலியில் உட்கார வைக்காது. மேடையிலேயே அவர் வாயைத் திறந்து பரிசோதனை செய்துகொள்ளட்டும். ஒன்றரை நிமிட வேலை. மூன்று வாரக் கணக்கை அவர் வாயால் சொல்லட்டும். அதே வளாகத்தில் பரிசோதகரும், சந்தேகமானவர்களை அனுப்ப ஏற்கெனவே பேசி வைத்த மருத்துவமனையும் இருக்க வேண்டும். பேச்சு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் பரிசோதனை என்றால், முன்னே சொன்ன அலை வடிந்திருக்கும்.

நோயிலிருந்து மீண்டவரை அழைத்தால் தாமதத்தின் விலையையும் சொல்லச் சொல்லுங்கள், அவர் விரும்பினால் மட்டும். பேஸ்பால் வீரர் பில் டட்டில், அறுவைச் சிகிச்சைகளால் சிதைந்த தம் முகத்தோடு இளம் வீரர்களின் பயிற்சி முகாம்களுக்குப் போய்ப் பேசினார். 1998-இல் இறக்கும்வரை அந்த வேலையைச் செய்தார். அந்தத் துணிவை யாரிடமும் கேட்டு வாங்க முடியாது. உலகத் தலை, கழுத்துப் புற்றுநோய் நாளான ஜூலை 27-ஐ ஒட்டி நிகழ்ச்சி வைத்தால் ஊடகங்களும் எளிதில் கவனிக்கும்.

அப்பாவுக்குப் பல வருடமாகப் புகையிலைப் பழக்கம். கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. 'ஒன்றும் இல்லை' என்று வர மறுக்கிறார். நடிகர் பேசும் காணொளியைக் காட்டினால் மனம் மாறுவாரா?

மாறலாம், ஆனால் எந்தக் காணொளி என்பதைப் பொறுத்தது. மரணத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைப் பார்த்தால் சிலர் இன்னும் ஒளிந்துகொள்வார்கள். அவர் வயதை ஒத்த, அவர் மதிக்கும், அதே பழக்கம் இருந்த ஒருவருடைய பேச்சாக இருந்தால் நல்லது. அரசியல் தலைவர் சரத் பவாருக்கு 2004-இல் வாய்ப்புற்றுநோய் வந்தது. பழக்கத்தை முன்பே விட்டிருக்க வேண்டும் என்று அவர் பொது மேடைகளில் வருந்தியிருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவர் பேசுவது சில தந்தையர் காதில் ஏறும்.

வெள்ளைத் திட்டுகளில் பெரும்பாலானவை புற்றுநோயாவதில்லை என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பயம் குறைந்தால் கால் நகரும். பழக்கத்தை விட்டால் சில திட்டுகள் மறைவதும் உண்டு, ஆனால் எது மறையும் என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். திட்டு எப்போது கண்ணில் பட்டது என்பதைக் குறித்து வையுங்கள். 'எனக்கும் பல் பார்க்க வேண்டும், துணைக்கு வாருங்கள் அப்பா' என்று கூட்டிப்போய், முதலில் நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். அவர் போலிப்பல் அணிபவரானால், கழற்றி வைக்க ஒரு டப்பாவும் கையில் இருக்கட்டும்.